சனிக்கிழமை எழுத்து

கிழக்குத் தாம்பரம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜாஸ்மின்,

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: உன் அப்பாவின் அஞ்சலி பேனரில் இருப்பது நீ எழுதி அனுப்பியது இல்லை, நான் செய்த எழுத்துரு.

வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதியிலேயே பதில் போடுவாய். அதனால்தான் மின்னஞ்சல்.

அடக்கம் நல்லபடி முடிந்தது. அங்கிளோடு வேலை பார்த்தவர்கள் வண்டலூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். உனக்கு ஏழாம் மாதம், டாக்டர் பயணம் கூடாது என்கிறார் என்று உன் அண்ணன் ஜெபகுமாரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போய்ச் சொன்னாரா, தெரியவில்லை.

சர்ச் வாலிபர் கூட்டத்துக்கு நீ சனிக்கிழமைதோறும் பிரஷ்ஷால் எழுதிய போஸ்டர்களை ஸ்கேன் செய்துதான் அந்த எழுத்துருவைச் செய்தேன். “என் பேரை மட்டும் போடாத, அப்பா பார்த்தா பேஜாராயிடும்” என்றாய். ‘சனிக்கிழமை’ என்று பெயர் வைத்தேன். இப்போது ஜி.எஸ்.டி. சாலையில் பிரியாணிக் கடை, டியூஷன் சென்டர், காதுகுத்து எல்லாவற்றிலும் தொங்குகிறது. துள்ளுகிற எழுத்து, துக்கத்துக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். பெருங்களத்தூர் பிளெக்ஸ் கடையில் அவசரத்துக்கு ஒரு காதுகுத்து பேனரிலேயே படத்தையும் பெயரையும் மாற்றி அடித்துவிட்டார்கள். ஓரத்தில் ஒரு பலூன்கூட மிச்சம்.

“கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்ற வரியில் ஒவ்வொரு ‘த’வின் வாலும் ஒரே இடத்தில் பிரிந்திருந்தது. கை அப்படி அச்சடித்தாற்போல் எழுதாது. ஓர் எழுத்துக்கு மூன்று வடிவம் செய்து வைத்திருக்கிறேன், கடைக்காரர் ஒன்றையே அடித்திருக்கிறார். அது என் கண்ணுக்கு மட்டும்தான் பட்டது.

ஆன்ட்டி பேனர் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “கேஷவைக் கட்டிக்கினு போனதுலேர்ந்து நாலு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசலை மனுசன். அப்பனுக்கு அவளே எழுதி அனுப்பிச்சிருக்கா, பாரு ஹெப்சி. அவளுக்குக் கோவம் இல்லை” என்றார்கள். நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

உன் கோபம் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் அதை இல்லையென்று ஆக விட்டுவிட்டேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்வதானால் பழியை என்மேல் போட்டுவிடு, நான் வாங்கிக்கொள்கிறேன். அவர்களிடமிருந்து போன் வந்தால் எடுத்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். உள்ளே இருக்கிறதுக்கும் சேர்த்துச் சாப்பிடு.

உன்
ஹெப்சி

பி.கு.: நேற்று பேனரைக் கழற்றினார்கள். அந்த ஒரு வரியை மட்டும் ஆன்ட்டி கத்தரித்து பீரோவில் வைத்துக்கொண்டார்கள். இன்று காலை என்னிடம் உன் நம்பரைக் கேட்டு, காலண்டரில் எழுதிக்கொண்டார்கள்.