வண்ணாத்தி மீன்களுக்கு நான் எழுதிய பந்திக் கணக்கு

மச்சான்,

இன்று காலை பல் துலக்கிக்கொண்டு நின்றபோது பற்பசை வாசத்தோடு நீ வந்து சேர்ந்தாய். வேறு யாரையாவது பல் துலக்கும்போது நினைத்தேன் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். நீ கோபிக்க மாட்டாய். என் வீட்டுக்கு வந்த பற்பசையில் பாதிதான் பல்லுக்குப் போனது. மீதியை உன் நீச்சல் கண்ணாடிக்கு நீ பூசி முடித்தாய். புதுக் கண்ணாடியின் உள்பக்கம் பற்பசை தேய்த்துக் கழுவினால் கடலுக்குள் ஆவி படியாது என்று கல்குடாவுக்குக் காட்டியவன் நீ. உலகத்திலேயே அதைக் கண்டுபிடித்தவன் நீதான் என்று பாசிக்குடாவில் வந்திறங்கிய வெள்ளைக்காரர் அத்தனை பேருக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

ஆரையம்பதி மாமியின் மகன் நீ, கடல் உயிரியல் படித்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்க வந்தபோது, என் படகுக்கு விடிவு பிறந்தது என்றுதான் நினைத்தேன். பெரிய பெரிய மீன் எங்கே நிற்கிறது என்று சொல்லுவாய் என்று பார்த்தால், நீ முருகைக்கல்லைப் பார்க்க வந்திருந்தாய். புத்தகத்தில் பவளப்பாறை என்று எழுதுவார்களே, அதுதான். எனக்கு அது சுண்ணாம்புச் சூளைக்குப் போகிற கல். "கல்லில்ல மச்சான், உசிரு. கண்ணுக்குத் தெரியாத சீவனெல்லாம் சேர்ந்து கட்டின ஊர்" என்றாய். முதல் நாளே முப்பது இனம் காட்டினாய். மான்கொம்பு போல ஒன்று, மூளை போல ஒன்று, மேசை போல ஒன்று. மூளை போல இருந்ததைக் காட்டி, "இதில கொஞ்சம் உனக்கு வைக்கலாம்" என்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வடக்குப் பார், கடலுக்கடியில் கிடக்கிற அந்த முருகைத் திட்டுத்தான் உன் கவலை. கரையிலிருந்து படகில் கால் மணி நேரம். பாசிக்குடாவின் படகுக்காரர் எல்லாரும் சுற்றுலாக்காரரைக் கொண்டுபோய் இறக்குகிற இடம். இறக்கிவிட்டு நங்கூரத்தை அந்தக் கல்லின் மேலேயே போடுவோம். நானும்தான். என் நங்கூரம் போல ஒரு நங்கூரம் இந்து சமுத்திரத்தில் கிடையாது. அது விழுந்தால் மாலைதீவில் கோப்பை ஆடும். ஒரு நங்கூரம் உடைக்கிற முருகை மறுபடி வளர எத்தனை வருடம் ஆகும் என்று நீ சொன்ன அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. (இரவு சேர்த்துச் சாப்பிட்டேன்.) அங்கே நங்கூரம் போடுவதை நிறுத்தி, மிதவை போட்டு அதில் படகைக் கட்ட வேண்டும், அதற்குப் படகுக்காரர் சங்கம் இணங்க வேண்டும். பார் சாகிறது என்று அவர்களுக்குக் காட்டத்தான் நீ ஒன்றரை வருடம் எண்ணினாய்.

எண்ணுகிற முறை எனக்குப் பிடித்திருந்தது. கல்லின் மேல் அளவுநாடாவை நீட்டிவிட்டு, அதன் கீழே எந்த இனம் இருக்கிறது, எது உயிரோடு, எது செத்தது என்று நீ எழுதுவாய். நாடாவின் இரண்டு பக்கமும் தெரிகிற வண்ணாத்திப்பூச்சி மீன்களை எண்ணுவது என் வேலை. உயிருள்ள முருகையைக் கொறித்துத் தின்கிற மீன் அது. கல் செத்தால் அதுவும் போய்விடும். உதவிக்கு வேறு ஆள் கிடைக்காததால்தான் என்னைப் பிடித்தாய். நான் மூச்சடக்கி மூழ்கினால் கரையில் ஒருவர் சோறு உண்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்டு முடிக்கலாம் என்பதால் பிடித்தாய் என்று ஊருக்குச் சொன்னேன்.

பிழை எங்கே நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் முழுதாக நீ கேட்டதில்லை. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குத் தலை எண்ணுகிறவன் நான். பந்தியில் இருப்பது ஐம்பது பேர் என்றால், கைகழுவப் போனவர், பிள்ளையைத் தேடிப் போனவர், வாசலில் வெட்கத்தோடு நிற்பவர் எல்லாரையும் சேர்த்து எழுபது என்று சமையல்காரனுக்குச் சொல்வதுதான் மரியாதை. ஒரு இலை குறைந்தால் ஊருக்கே அவமானம். தண்ணீருக்குள்ளும் நான் அப்படித்தான் எண்ணினேன். கண்ணுக்குப் பட்டது பதினொன்று என்றால், கல்லின் மறுபக்கம் கட்டாயம் நாலு நிற்கும். எங்களைக் கண்டு ஒதுங்கிய குடும்பம் ஒன்று இருக்கும். எங்கள் கடலை யாரும் ஏழை என்று சொல்லக் கூடாது. மேலே வந்து, நீ தந்த எழுதுபலகையில் இருபத்தாறு என்று போடுவேன்.

"இருபத்தாறா?" என்பாய்.

"நல்லா எண்ணினன் மச்சான். ரெண்டு என்னைப் பாத்துச் சிரிச்சிது."

"போன மாசம் இருபத்தொண்டு. கல்லு குறையுது, மீன் கூடுது. விளங்கல்லயே."

"கலியாணம் கட்டியிரிக்கும்."

நீ தலையைச் சொறிவாய். உன் முகம் கொஞ்சம் தெளியும். அந்தத் தெளிவுக்காக அடுத்த மாதம் இன்னும் நாலு சேர்த்தேன்.

பிறகு சங்கக் கூட்டம். கடற்கரைக் கொட்டிலில் எல்லாரும் இருந்தோம். நீ தாளை விரித்து, முருகை குறைந்த கதையை மெதுவாகச் சொன்னாய். மீன் எண்ணிக்கையையும் ஒளிக்காமல் வாசித்தாய். உனக்கு ஒளிக்கத் தெரியாது. ஓட்டமாவடி ஹனீபா காக்கா எழும்பினார். எங்கள் கரையில் மூத்த படகுக்காரர். மிதவைக்கு முதல் எதிரி.

"என்ன சேர், கல்லு சாகுதெண்டு சொல்லுறீங்க. கல்லத் திங்கிற மீன் மாசத்துக்கு மாசம் கூடுதெண்டும் சொல்லுறீங்க. அப்ப அந்த மீனெல்லாம் என்னத்தத் திங்குது? எங்கட கொத்துரொட்டியா?"

கொட்டில் சிரிப்பில் ஆடியது. நீ சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். பல சுறாக்கள் என்னைப் பார்த்திருக்கின்றன. ஒன்றும் அப்படிப் பார்த்ததில்லை. நான் எழும்பினேன்.

"மீன் கணக்குப் பிழை. நாந்தான் கூட்டி எழுதினன். பாதிகூட இல்ல."

மயான அமைதி விழும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். "சும்மா இரு," என்றார் காக்கா. "மச்சானக் காப்பாத்துறத்துக்குக் கதை விடுறான். இவன்ட வாயில உண்மை வந்தது எந்தக் காலத்தில?" இத்தனை வருடம் நான் விட்ட புளுகை ஒருவரும் சந்தேகித்ததில்லை, ரசித்தார்கள். உண்மை சொன்ன ஒரே நாளில் பொய்யன் ஆனேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். யாருடைய தலை என்று கேட்டார்கள்.

நீ பலகையையும் பென்சிலையும் காக்காவிடம் நீட்டினாய். "காக்கா, நீங்களே எண்ணுங்க. நாளைக்கு விடிய. நீங்க சொல்லுறதுதான் கணக்கு."

மறுநாள் கடல் தட்டாகக் கிடந்தது. காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். உன் நாடா, உன் கண்ணாடி. நாங்கள் இருவரும் படகில் இருந்தோம். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாய். நான் மூன்று யுகம் பேசாமல் இருந்தேன், மணிக்கூட்டில் அது முக்கால் மணி நேரம். காக்கா வந்து படகின் விளிம்பைப் பிடித்தார். ஏறவில்லை.

"ஒம்பது," என்றார். "ரெண்டு தரம் போய்ப் பாத்தன். ஒம்பதுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நங்கூரம் விழுந்த இடமெல்லாம் தெரியுது சேர். மரவள்ளித் தோட்டத்துக்குள்ள உழவு மெசின் ஏறினாப் போல கிடக்கு. அதில ஒண்டு என்ட நங்கூரம்தான்."

அந்தக் கிழமையே சங்கம் இணங்கியது. நாங்களே சீமெந்துக் கட்டை வார்த்தோம், எண்ணெய்க் கேனைக் கட்டி மிதக்கவிட்டோம். முதல் கேனைக் கட்டியவர் காக்கா.

எல்லாரும் வெற்றி என்றார்கள். உன் மேசையில் நான் கண்டது வேறு. பலகையிலிருந்து கொப்பியில் பெயர்த்து வைத்த என் கணக்கு ஒவ்வொன்றையும் நீ ஒரு கோடு கிழித்து வெட்டிக்கொண்டிருந்தாய். ஒன்றரை வருடம். கிழித்தெறியவில்லை, அழிக்கவில்லை, கீழே உள்ளது தெரியும்படி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் "எண்ணியவர் அன்புமிக்கவர், நம்பத்தக்கவர் அல்லர்" என்று எழுதியிருந்தாய். நான் வாசலிலேயே நின்றேன். இனி என்னைக் கடலுக்குக் கூப்பிட மாட்டாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கடல் எதற்கு என்றும் நினைத்தேன். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை, மச்சான்.

அடுத்த மாதம் விடியற்காலையில் வந்து என் படகில் ஏறினாய். பலகையை என் மடியில் போட்டாய். "கண்டத மட்டும் எழுது," என்றாய். "காணாததக் கடல் பாத்துக்கொள்ளும்." அவ்வளவுதான். அதன் பிறகு அந்தக் கதையை நீ எடுத்ததே இல்லை. அன்று நான் பத்து என்று எழுதினேன். இலை குறைந்த பந்தி போல இருந்தது.

நீ போய் மூன்றாவது வருடம் இது. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், அங்கேயும் தாதிக்கு மிதவையின் நன்மையை விளக்கிக்கொண்டிருந்தாய் என்று நான் பரப்பியிருக்கிறேன். நம்புகிறார்கள். வளாகத்துப் பிள்ளைகள் வந்து முருகையை அளக்கிறார்கள். மீன் எண்ணுவது காக்காவும் நானும். ஊர்க்கதை, கல்யாணக்கதை, சுறாக்கதை எல்லாம் முன்னைவிடப் பெரிதாக விடுகிறேன். அன்னதானத்துக்கு இப்போதும் இருபது தலை கூட்டித்தான் சொல்கிறேன். பலகையில் மட்டும் என்னால் முடிவதில்லை.

இன்று ஆளுக்கு ஒரு தரம் நாடாவைச் சுற்றி வந்தோம். படகில் ஏறியதும் காக்கா, "எத்தின?" என்றார்.

"பதின்மூண்டு."

"பன்ரெண்டு. துவங்கிட்டியா பழைய வேலைய?"

"கண்டன் காக்கா."

"அதே மீன் சுத்தி வந்திரிக்கும்."

பன்னிரண்டு என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுபதை நெருங்கிய இரண்டு கிழவர்கள், ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்கு இரத்த அழுத்தம். ஒரு மீனுக்காக மறுபடி இறங்கினோம். நான் காட்டிய இடத்தில் புதிதாக முளைத்த மான்கொம்பு ஒன்று, ஒரு சாண்தான் உயரம். அதன் கிளைகளுக்குள் ஒரு குஞ்சு, ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு, மஞ்சள். காக்கா தண்ணீருக்குள்ளேயே என் தலையில் குட்டினார். மேலே வந்து கண்ணாடியைக் கழற்றி, "இரிக்குடா," என்றார். "எழுது."

பதின்மூன்று, மச்சான். நான் கண்டேன், காக்காவும் கண்டார்.