ஒன்பது மணி வரலாற்று வகுப்பு

யாக்கிமா, மார்ச் 4

அன்பு மகள் நயேலிக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம். அலாஸ்காக் குளிரில் மீன் வெட்டும் உன் கைகள் எப்படி இருக்கின்றனவோ என்பதே எனக்கு நினைப்பு.

உன் தம்பி ரமிரோ பள்ளிக் கடைசி ஆண்டிலேயே கல்லூரி வகுப்புக்கு வருகிறான், தேறினால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே எண்ணிக்கொள்வார்கள் என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேனே, அதே வரலாற்று வகுப்புத்தான் என் பட்டத்துக்கும் கடைசிப் பாடம். முதல் நாளே, நீ என் அம்மான்னு யாருக்கும் தெரிய வேணாம், பின்னாடி உக்காந்துக்கோ என்றான். உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் படிக்கப் போங்க, ராத்திரி சாப்பாட்டுக்குச் சோள இலையில டமாலே நான் சுத்தி வைக்கிறேன் என்று உன் அப்பா சிரித்தார். இடைத்தேர்வில் எனக்குத் தொண்ணூற்றொன்று, அவனுக்கு நாற்பத்தெட்டு. என் தாளை எட்டிப் பார்த்தவன், நீயே படிம்மா, உனக்குத்தான் வருது என்றான். அதன்பின் வகுப்புக்குள் வரவில்லை. ஆப்பிள் பொதி நிலையத்தில் இரவு வேலை முடித்துப் பேருந்தில் நான் வந்து இறங்கும்போது அவன் கார் கல்லூரி வாசலில் நிற்கும், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, உள்ளே தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டபடி அவன். வெட்கப்படுவானே என்று பார்க்காதவள் போலக் கடந்துவிடுவேன். ஒரு நாள் ஆசிரியை, ரமிரோவ யாருக்காச்சும் தெரியுமா, வெள்ளிக்குள்ள வகுப்ப விட்டு விலகுறேன்னு தாள் எழுதிக் குடுக்கலேன்னா ஃபெயில்னுதான் போடணும் என்றார். என் கை மேசைக்கடியிலேயே கிடந்தது. வீட்டிலாவது சொல்லியிருக்கலாம், இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்றே வெள்ளியும் போய்விட்டது.

நேற்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த ஒரு தோல்வி இரண்டு இடத்திலும் ஏறிவிடுமாம், கல்லூரியில் அடுத்த பருவத்துக்குச் சேர்க்கமாட்டார்களாம், பள்ளியிலேயே அந்தப் பாடத்தை எடுக்கலாமென்றால் அங்கே வகுப்பு பாதி முடிந்துவிட்டதாம், அதனால் ஜூனில் அவனுக்குப் பள்ளிப் பட்டமளிப்பு கிடையாதாம். அதே ஜூனில்தான் எனக்கு. நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்று உன் அப்பா வாங்கி வந்த கறுப்பு அங்கியைக் குளிர்க்கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் இன்று காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான் என்றார் உன் அப்பா, நான் பேருந்திலிருந்து இறங்கும்போது கார் அதே இடத்தில் நின்றது.

குவாதலூப்பே மாதா உன்னைக் காக்கட்டும். கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டுக்கொள். சிக்னல் கிடைத்தால் தம்பியோடு பேசு, படிப்பைப் பற்றிக் கேட்காதே. அவன் காரின் பின்சீட்டில் ஒரு போர்வை வைத்தேன், வைத்த மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்கிறது. அதைப் போர்த்திக்கொள்ளச் சொல், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

உன் அம்மா,
மரிசேலா