வரப்பில் நின்று சொல்லாமல் விட்டது

என் ஆசைத் தம்பி சேகருக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் திவசம். உன் படத்துக்கு மாலை போட்டபோது, என் முகத்தைப் பார்க்காமல் நீ வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்தது. போட்டோக்காரன் அப்படி எடுத்துத் தொலைத்திருக்கிறான், வேறொன்றுமில்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் வயல் சேதி. இந்தச் சம்பாவில் உன் பங்கையும் நானே நட்டேன். தூர் கட்டிப் பச்சையாக நிற்கிறது. காரைக்கால் பக்கம் உவர் நிலம்தான் அதிகம். வாய்க்காலோரப் பள்ளத்தில் நம்முடையது மட்டும் புளிப்பு மண்ணாக வாய்த்தது நம் ராசி. அந்த மண்ணுக்குத் தழைச்சத்தை எதிலிருந்து கொடுப்பது என்றுதானே நாம் அடித்துக்கொண்டோம்? தக்கைப்பூண்டை விதைத்து வளர்த்து, பசுந்தாள் உரமாக மடக்கி உழுதுவிட்டுச் சாணமும் போட்டால் போதும் என்றாய் நீ. மூட்டை யூரியா இருக்கும்போது கவலை எதற்கு என்றேன் நான். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் கோப்பு பார்க்கிற உனக்கு உரத்தைப் பற்றி என்ன தெரியும் என்றுகூடக் கேட்டேன்.

பிறகு நான் செய்த கூத்து இருக்கிறதே. புளிப்பு போகட்டும் என்று சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் வீசினேன். சத்தெல்லாம் மூக்கை எரிக்கிற வாடையாகக் கிளம்பிப் போய்விட்டது. நீ டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "எங்கண்ணன் வயலுக்கு வெத்தல மடிச்சுக் குடுத்துட்டாரு, சுண்ணாம்புதான் கொஞ்சம் தூக்கல்" என்று சிரித்தாய். இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன்.

உன்னிடம் பேசவில்லையே தவிர, வேளாண் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டேன். சுண்ணாம்பை நடவுக்கு மூன்று வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும் என்றார். பாதிச் சத்து தக்கைப்பூண்டிலிருந்து வரட்டும், மீதிக்கு யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள் என்றார். "தக்கைப்பூண்டு முத்துனப்புறம் மடக்கி உழுதா, அது மக்குற வரைக்கும் பயிருக்குச் சத்து கிடைக்காதுங்க, மஞ்சளாப் பழுத்துப்போய் நிக்கும். அப்ப கொஞ்சம் யூரியா வீசுங்க, தேறிரும்." தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன வருஷச் சம்பாவில் சமயத்துக்கு டிராக்டர் கிடைக்காமல் உன் தக்கைப்பூண்டு முற்றிப்போனது. உழுத ஐந்தாம் நாளே நட்டாய். பயிர் மஞ்சளாய்ப் பழுத்தது. ஒரு நாள் காலையில் நீ வரப்பில் நின்றாய், நான் என் வயலில் மண்வெட்டியோடு நின்றேன். பேச்சு இல்லாதவர்கள் செய்வதுபோல, நீ வாய்க்காலைப் பார்த்து உரக்கக் கேட்டாய்: "ஏன் இப்படிப் பழுக்குது? ஒண்ணும் புரியலயே."

வாய்க்காலையா கேட்டாய்? என்னைத்தான் கேட்டாய். அது எனக்குத் தெரியாதா? பதிலும் தெரியும். என் கொட்டகையில் அரை மூட்டை யூரியா கிடந்தது. நான் மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். பாவி, அப்படித்தான் நினைத்தேன்.

பத்தாம் நாள் ஆபீஸில் உனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிவந்து சேர்வதற்குள் உன்மேல் துணியைப் போர்த்தியிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து உன் வயலுக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. அறுப்பில் பாதிக்குப் பாதி பதர்.

உன் மனைவி மல்லிகா இந்த ஒரு வருஷமாகக் கேட்பவர்களிடமெல்லாம், "அவருக்கு வெவசாயம் வரல, வீம்புக்குச் செஞ்சாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். திவசத்துக்கு மறுநாள் வயலைப் பார்க்க வந்தாள். "நீங்க கை வச்சதும் எப்படி வந்துருச்சு பாருங்க அத்தான்" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் சொன்ன தக்கைப்பூண்டுதாம்மா இதுல பாதி. அவன் தப்பாச் செய்யல. ஒரு கை யூரியா போடுடான்னு நான்தான் சொல்லியிருக்கணும். தெரிஞ்சே சொல்லல."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? கேட்டவருகிட்டயில்ல சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால் உன்னிடம் சொல்கிறேன். தக்கைப்பூண்டு முத்திப்போச்சுடா சேகர், அதான் பழுக்குது. பயப்படாத. கொட்டகைல யூரியா இருக்கு, எடுத்து ஒரு கை வீசு. எழுந்துரும்.

சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, பார்த்தாயா?

இனி யார் பயிர் பழுத்து நின்றாலும், அவருக்கும் எனக்கும் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரப்பேறி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த
அண்ணன்