நீலக் கிண்ணத்துக் கூழ்

காலை ஐந்தே முக்கால். உங்களை எழுப்ப மனம் வரவில்லை, எழுதி வைத்துவிட்டு லேபுக்குக் கிளம்புகிறேன்.

ஃப்ரிட்ஜில் வெள்ளைக் கிண்ணத்தில் இருப்பதுதான் உங்கள் கூழ். லேசாகச் சூடாக்கினால் போதும். கொதித்தால் மாவில் சேர்த்த இலைச்சாற்றின் சத்து போய்விடும்.

நேற்று கிண்ணத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நீலக் கிண்ணம் லேபுக்கு வைத்திருந்தது. அதில் அதே கசப்புச் சாறு மூன்று மடங்கு. முன்பு லேபில் அந்த அளவை நாக்கில் வைத்தவர்கள் எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள். நீங்கள் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குக் கசப்பே இல்ல, உன் கைப்பக்குவம் கூடிருச்சு" என்றீர்கள்.

சிகிச்சை முடிந்ததும் ருசி திரும்பிவிட்டது என்று டாக்டரிடமும் சொன்னீர்கள், என்னிடமும் சொன்னீர்கள். உங்கள் பேச்சை நம்பித்தான் சாற்றைக் கூட்டினேன், குறைத்தேன். உங்களைப் போல நோயிலிருந்து எழுந்தவர்கள் சாப்பிடத்தான் லேபில் இந்த மாவை உருவாக்குகிறேன்.

மாவு வீணானால் கொட்டிவிட்டு வேறு செய்யலாம். இத்தனை நாளும் என் எதிரே உட்கார்ந்து, ருசிப்பது போலத் தலையாட்டினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாவி ஆணியில் இருக்கிறது. பிளம்பர் பத்து மணிக்கு மேல் வருவார்.

கூழில் உப்பு போட்டுவிட்டேன். மறுபடி போடாதீர்கள்.

டாக்டரிடம் சாயங்காலம் நானும் வருகிறேன். நேற்று ராத்திரி சாப்பிடும்போது நான் இதைக் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள். அவர் கேட்பதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள்:

"எப்பலேருந்துங்க உங்களுக்கு ருசி தெரியல?"