இறுக்கித் திரித்த பஞ்சு

இஞ்சாருங்கோ,

இன்று காலை உங்கள் படத்துக்கு முன்னால் ஏற்றின விளக்கு நேரத்தோடு வற்றிவிட்டது. நான் குசினியில் திவசப் படையலுக்குப் பருப்பு அவித்துக்கொண்டு நிற்க, முன்னறையில் ஸ்மோக் அலாரம் கத்தத் தொடங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. திரி அடி வரைக்கும் கருகிக் கிடந்தது. பேத்தி தர்சி கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினாள். "அம்மம்மா, விண்டோவைத் திறவுங்கோ!" எனக்குக் கை எழும்பவில்லை. ஈரம் வற்றின பஞ்சு கருகிற அந்த மணத்தை இதே வீட்டில் முன்னம் ஒருக்கால் மணந்திருக்கிறேன். அன்றைக்கு அது உங்கள் வாயிலிருந்து வந்தது.

நாற்பது வருடம் சிகரெட் குடித்தீர்கள். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து, ஜக்கெட்டைக் கழற்ற முன்னமே பின்கதவைத் திறந்துகொண்டு கார்டனுக்குப் போவீர்கள். பனி கொட்டினாலும் போவீர்கள். நெஞ்சுப் படம் பார்த்த டொக்டர் இனி ஒன்றுகூடத் தொடக்கூடாது என்று சொன்ன பிறகுதான் சிகரெட்டுக்குப் பதிலாகப் பற்றரியில் ஆவி இழுக்கிற அந்த வேப் வீட்டுக்குள் வந்தது. அதிலும் கடையில் செய்து விற்கிற கொயிலை, அந்தச் சூடேறுகிற கம்பிச் சுருளை, போட உங்களுக்கு மனம் வரவில்லை. ஊரில் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றின கை. "இந்தப் பொட்டுச் சுருளை நான் சுத்தமாட்டனோ?" என்று நீல நிற பிஸ்கட் ரின் ஒன்றில் கம்பி, குறடு, பஞ்சு எல்லாம் சேர்க்கத் தொடங்கினீர்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முழங்கையில் நான் தைத்து மூடின மண்ணிறச் சுவெற்றர் போட்டிருந்தீர்கள். உங்களோடு வேலை செய்த மூன்று பேர் முன்னறையில் இருந்தார்கள். நான் நாலு கப் தேத்தண்ணியும் வடையும் தட்டில் கொண்டுவந்தேன். நீங்கள் கம்பிகளை மேசையில் பரப்பி வைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"செப்புக் கம்பி இதுக்கு உதவாது. அது கரண்டை மறிக்காமல் விடும், பற்றரிதான் எரியும். மறிச்சு நிக்கிற கம்பிதான் சூடாகும். நிக்ரோம் நல்லது, ஆனால் அதிலை நிக்கல் கிடக்கு. மணிக்கூட்டுப் பட்டியிலை கிடக்கிற நிக்கலே எனக்குக் கையைக் கடிக்குது, பேந்து அதை நெஞ்சுக்கை விடுறதோ?" அதனால் இரும்பும் குரோமும் அலுமினியமும் கலந்த கம்பியைத் தெரிந்தெடுத்தீர்கள். திரிக்கும் அதே மாதிரி. கண்ணாடி நூல் வேண்டாம், தும்பு உள்ளே போகும். வெளுக்காத பஞ்சுதான் சரி. அந்தப் பஞ்சு கம்பிச் சுருளுக்குள் கிடந்து, வேப்புக்குள் ஊற்றுகிற மாம்பழ மண ஜூஸை உறிஞ்சும், கம்பி அதைக் காய்ச்சி ஆவியாக்கும், நீங்கள் இழுப்பது அந்த ஆவியை. இவ்வளவும் தட்டோடு நின்றே எனக்கு விளங்கிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை.

"கம்பி சிவக்குமெண்டால், உள்ளுக்கை கிடக்கிற பஞ்சு ஏன் கருகேல்லை?" என்று கேட்டேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மனுசி அஞ்சாம் வகுப்பு. அவவுக்கு இதெல்லாம் விளங்காதப்பா."

இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாம் ஆள் கப்புக்குள் பார்த்தார். சிரித்த இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு இந்த வீட்டில் வடை கிடைத்ததில்லை. உங்களுக்கு அது தெரியாது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிற்பாட்டச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அம்மா படுக்கையில், எனக்குப் பின்னால் நாலு பிள்ளைகள். உங்களுக்கு அது தெரியும்.

பிறகு உங்கள் கண்ணில் புகார் விழுந்து பார்வை மங்கியது. கையும் நடுங்கத் தொடங்கியது. கம்பியை எப்படியோ சுற்றிவிடுவீர்கள், அந்தச் சின்னத் துளைக்குள் பஞ்சைக் கோக்க ஏலாது. ஒருநாள் பின்னேரம் ரின்னோடு குசினிக்கு வந்து, "இஞ்சாரும், இதை ஒருக்கால் கோத்துத் தாருமன்" என்றீர்கள்.

நான் கையைக் கழுவித் துடைத்தேன். பஞ்சை எடுத்தேன். கலியாணம் செய்த நாள் தொட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் திரி திரித்த கை. விரல் வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் திருநீறு தொட்டு, உள்ளங்கையில் வைத்து இறுக்கித் திரித்தேன். நரம்பு மாதிரி வந்தது. சுருளுக்குள் நுழைத்து, நுனி வெட்டி, ஜூஸில் தோய்த்துத் தந்தேன். எனக்குத் தெரிந்த அளவில் அதைவிட நல்ல திரி இல்லை.

முதல் இழுப்பு சரி. இரண்டாவதில் முகம் மாறியது. மூன்றாவதில் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருமினீர்கள். கண்ணால் தண்ணீர் ஓடியது. கருகல் மணம் குசினி முழுக்க. மூச்சு வந்ததும் திரியைக் குறட்டால் இழுத்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தீர்கள். கருகாத நுனியில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"இதென்ன, திருநீறோ?"

நான் விரல்களைச் சேலையில் துடைத்தேன்.

"உயிரோடை இருக்கேக்கையே எனக்கு நீறு பூசுறீரோ? வேணுமெண்டு செய்தனீர், என்ன?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றைக்கு எழுத இந்தக் கொப்பியை எடுத்தேன். நீங்கள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு மூலைக்கடைக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது பொக்கற்றில் சிகரெட் பெட்டி. பதினொரு நாள் பின்கதவு திறந்து திறந்து மூடியது. நான் எண்ணினேன். ஒவ்வொரு தரமும் கதவுச் சத்தம் கேட்கும்போது, போய் உண்மையைச் சொல்லு என்று மனம் சொல்லும். சொன்னால் என்ன ஆகும்? அவவுக்கு விளங்காது என்று நீங்கள் சொன்னது சரியாகிவிடும். பொல்லாதவள் என்று நினைத்தால் நினைக்கட்டும், விளங்காதவள் என்று நினைக்கவேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் ரின்னை எடுத்தேன். நீங்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் பார்த்து மேசையில் விரித்துக்கொண்டு இருந்தேன். இறுக்கினால் ஜூஸ் உள்ளே ஏறாது, காய்ந்து கருகும். ஆகத் தளர்த்தினால் ஒழுகும். சுருளுக்குள் இழுக்கும்போது பஞ்சு மெல்ல உரசவேண்டும், கம்பி அசையக்கூடாது. இரண்டு நுனியையும் ஊசியால் கோதிவிட வேண்டும். ஈரம் விடாமல் ஏறிக்கொண்டிருந்தால் பஞ்சு கருகாது. அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி அவ்வளவுதான். நீங்கள் ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம்.

சரியோ பிழையோ என்று இழுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஒரு இழுப்பு இழுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தர்சி ஸ்கூல் பையோடு வாசலில்.

"அம்மம்மா! ஆர் யூ வேப்பிங்?"

"மாம்பழ மணம் நல்லாய்த்தான் இருக்கு. போய்க் கையைக் கழுவு."

பன்னிரண்டாம் நாள் காலை உங்கள் தேத்தண்ணிக் கப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். இழுத்தீர்கள். ஆவி கூரை வரைக்கும் போனது. இருமல் இல்லை.

"கோவம் போயிட்டுதோ?"

"உங்கடை இருமலிலை ரிவி கேக்க ஏலாமல் கிடக்கு."

நீங்கள் சிரித்தீர்கள். சிகரெட் பெட்டியை எடுத்துக் குப்பை வாளிக்குள் போட்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் கம்பி சுற்ற நான் பஞ்சு கோத்தேன். கம்பி நடுவிலிருந்து சிவந்து வருகிறதா என்று நீங்கள் கேட்பீர்கள், நான் பார்த்துச் சொல்வேன். வேறு ஒன்றும் பெரிதாகக் கதைத்ததில்லை. எங்கள் ஐம்பது வருடத்தில் நல்ல வருடங்கள் எவை என்று கேட்டால் நான் அந்த இரண்டையும்தான் சொல்வேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒட்சிசன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சொன்னீர்கள்: "இவ ஒருக்கால் எனக்கு உயிரோடை நீறு பூசினவ. வேணுமெண்டு செய்தவ. ரோசக்காரி!" சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். உங்கள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே போய்விட்டீர்கள்.

அந்தப் பதினொரு நாளால்தானா என்று டொக்டரிடம் தர்சியை வைத்துக் கேட்டேன். நாற்பது வருடம்தான் காரணம், பதினொரு நாள் இல்லை என்றார். "அதென்ன பதினொண்டு, அம்மம்மா?" என்று பிள்ளை கேட்டது. நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

இப்போது சொல்கிறேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரியாமல்தான் செய்தேன். என்னிடம் இருந்த நல்ல திரியைத்தான் உங்களுக்குத் தந்தேன்.

ஆனால் ஐந்தாம் வகுப்பு என்று சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை. அதை அங்கே வந்து நேரில் கதைக்கிறேன்.

விளக்கு ஏன் வற்றினது என்று தர்சி கேட்டாள். என் திரிதான் காரணம். உங்களுக்காகத் தளர்த்திப் பழகின விரல், எவ்வளவு திருநீறு தொட்டாலும் இனி இறுக்க மறுக்கிறது. ஐதாகத் தளர்ந்து கிடக்கிற திரி எண்ணெயை மளமளவென்று குடித்துவிடுகிறது. கடையில் செய்த திரிப் பைக்கற் வாங்கித் தரட்டோ என்கிறாள். வேண்டாம் என்றேன். பஞ்சு காயக்கூடாது, அவ்வளவுதானே. திரும்ப ஏற்றிவிட்டு, எண்ணெய்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வற்ற வற்ற விட்டு விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.