கட்டிலடிப் பெட்டியின் சாவி

குவார்ட்சைட், அரிசோனா
ஜனவரி 6

என் ரோவீனாவுக்கு,

நீ இந்த உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாய் என்கிறான் நம் முகாம் நண்பன் பர்ட். முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான், அவனை விட உன்னை எனக்குத் தெரியும். முதலில் படிப்பாய், பிறகுதான் அடுப்பில் போடுவாய்.

எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதா? இடது கையால் எழுதுகிறேன். பர்ட்டின் கூரையில் ஓட்டை அடைக்க ஏணியில் ஏறி, கடைசிப் படியை மறந்து காலை வைத்துவிட்டேன். வலது தோள் போயிற்று. மூன்று மாதத்துக்கு எந்த வண்டியையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். இங்கே டிரெய்லர் வீடுகள் தங்கும் முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குத் தருகிறார்கள். தங்க இடம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் இலவசம். ஆனால் சொந்த டிரெய்லரோடு வருகிறவருக்குத்தான் வேலை. மார்ச் ஐந்தாம் தேதிக்குள் அது இங்கே நிற்க வேண்டும். இப்போது நான் ஒண்டியிருப்பது பர்ட்டின் டிரெய்லரில். அவன் பிப்ரவரிக் கடைசியில் மகள் ஊருக்குக் கிளம்புகிறான். அதன் பிறகு எனக்குக் கூரை இல்லை.

நம் பிக்கப் வண்டியும் டிரெய்லரும் ரிப்பேர் முடிந்து வந்ததிலிருந்து உன் அக்கா கோராவின் கொட்டகையில்தான் நிற்கின்றன. அந்த விபத்துக்குப் பிறகு நீ ஸ்டீயரிங்கைத் தொடவில்லை என்று தெரியும். அதனால் உன்னைக் கேட்கவில்லை. அங்கே நல்ல ஓட்டுநர் யாராவது கிடைத்தால் அனுப்பி வை.

கோராவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒற்றைக் கையோடு,
எல்டன்


ட்வின் ஃபால்ஸ், ஐடஹோ
ஜனவரி 14

எல்டன்,

படித்தேன். அடுப்பில் போடவில்லை. பர்ட்டிடம் சொல்.

அறுபத்து நான்கு வயதில் எதற்கு ஏணி ஏறினாய்? "அவனுக்குக் கால்ல சக்கரம், தலையில காத்து" என்கிறாள் கோரா. அவள் முழங்காலுக்குக் குறைவில்லை. நாக்குக்கும் குறைவில்லை.

எவனோ ஒருவனை நம்பி நம் வீட்டை அனுப்ப மாட்டேன். வந்தால் நான் ஓட்டிக்கொண்டு வருவேன். இல்லையென்றால் அது இங்கேயே எலிகளோடு இருக்கட்டும். எனக்குப் பயம் இல்லை என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் பனியிலும் சேற்றிலும் பள்ளிப் பேருந்து ஓட்டினேன், ஒரு பிள்ளைக்கும் நகக் கீறல் விழுந்ததில்லை. மோனிடா இறக்கத்தில் கவிழ்ந்த பிறகு அந்தச் சாவியை நானே திருப்பிக் கொடுத்தேன். இப்போது கோராவின் பிக்கப்பில் உட்கார்ந்தால்கூட உள்ளங்கை வேர்க்கிறது.

அதனால் நீ எனக்கு எல்லாவற்றையும் எழுத்தில் சொல். போன் வேண்டாம். போனில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன்.

முதலில் ஒரு கேள்வி. அன்றைக்கு நான் பிரேக்கை மிதித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிதிப்பதற்கு முன்பே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. ஏன் எல்டன்? அது தெரியாமல் நான் அந்த வண்டியைப் பூட்டி ஓட்ட முடியாது.

தோளை அசைக்காதே.

ரோவீனா


குவார்ட்சைட்
ஜனவரி 22

என் ரோவீனா,

நீயே வருகிறாய் என்று படித்ததும் பர்ட்டின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஏற்கெனவே அதில் இருந்தான்.

சொல்கிறேன், கேள். நம் பிக்கப் ஆறாயிரம் பவுண்டு எடையை இழுக்கும் என்று விற்றவன் சொன்னது உண்மைதான். ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், 1280 பவுண்டு என்று. பிக்கப் முதுகில் அவ்வளவுதான் ஏறலாம். டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தும் எடை, நீ, உன் கைப்பை, பின்தொட்டியில் போடும் விறகு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நம்முடையது நடுத்தர வண்டி. பெரிய வண்டிக்காரன் செய்வதையெல்லாம் பார்த்து நாமும் செய்யக்கூடாது.

டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை மூக்கில் நிற்க வேண்டும். குறைந்தால் வாலாட்டும். சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போடு. டயரில் காற்றைக் காலையில், சூடாவதற்கு முன் பார். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கு. மணிக்கு ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகாதே. எவன் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும்.

அப்படியும் வாலாட்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. பிரேக்கைத் தொடாதே. முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கைவிசையை மெதுவாக அழுத்து. டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும், வால் தானாக நேராகும்.

நீ கேட்டதற்கு: அன்றைக்குக் காற்று. பக்கத்தில் ஒரு பெரிய லாரி வேறு கடந்துபோனது. அவ்வளவுதான்.

பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. என் பழைய சாமான். யாரையாவது விட்டு இறக்கி வைத்துவிடு, வழியில் எதற்கு வீண் பாரம்.

காத்திருக்கும்,
எல்டன்


ட்வின் ஃபால்ஸ்
பிப்ரவரி 2

எல்டன்,

காற்று என்றாய். சரி.

அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் பீட்ரூட் களத்தில் நாலு நாளாக ஓட்டுகிறேன். முதல் நாள் பிக்கப்பில் ஏறி, என்ஜினைப் போட்டு, அணைத்து, இறங்கி வீட்டுக்குள் போய்விட்டேன். கோரா ஒன்றும் சொல்லாமல் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு ரோஷமாகிவிட்டது.

பின்னால் எடுப்பது இப்போது வருகிறது. ஸ்டீயரிங்கின் அடியில் கையை வைத்து, வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் மனைவி சொன்னாள். இருபது வருடமாக முகாமுக்கு முகாம் நீ பின்னால் நின்று "இடது, இடது, ஐயோ என் இடது" என்று கத்தினாயே, இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் நம் சண்டைகளில் பாதி நடந்திருக்காது.

களத்து எடைமேடையில் டிரெய்லரை நிறுத்தினேன். 4400 பவுண்டு. பலகையும் குளியலறைத் தராசும் வைத்து மூக்கை நிறுத்தேன். 310. நூற்றுக்கு ஏழுதான் வருகிறது. பாத்திரம், போர்வை, டப்பா எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் நிறுத்தேன். மூன்று முறை நிறுத்தேன்.

பெட்டியை இறக்கப் பார்த்தோம். கோராவின் வேலையாள் இரண்டு கையாலும் இழுத்தான், அசையவில்லை. பூட்டு தொங்குகிறது. பழைய சாமான் என்றாயே, என்ன சாமான்? சாவி எங்கே?

சூடாகச் சாப்பிடு. டப்பா பீன்ஸை அப்படியே தின்னாதே.

ரோவீனா


குவார்ட்சைட்
பிப்ரவரி 9

ரோவீனா,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். இடது கை வலிப்பதால் இனி கிழிக்க முடியாது.

பெட்டியில் இருப்பது கல். மொன்டானாவில் ஆற்றோரம் பொறுக்கிய வண்ணக் கற்களும் கல்மரத் துண்டுகளும். முந்நூற்றெண்பது பவுண்டு இருக்கும். நீ "ஒரு கல்லும் வேண்டாம், இடமில்லை" என்று சொல்லியிருந்தாய். அன்று காலை நீ துணி துவைக்கப் போன நேரத்தில் ஏற்றிப் பூட்டினேன். முன்பக்கம் வைத்தால் நீ பார்த்துவிடுவாய் என்று பின்பக்கம் வைத்தேன்.

பின்பக்கம் பாரம் ஏறினால் மூக்கு லேசாகும், வால் ஆடும். அது எனக்குத் தெரியும். ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அந்த இறக்கத்தில் வால் ஆட ஆரம்பித்தபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பள்ளத்தில் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டிருந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஏன் பிரேக்க மிதிச்சே?" உனக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகு அதுவே கதையாகிவிட்டது. பர்ட்டின் டிரெய்லரில் ஒண்டிப் போன எந்த முகாமில் நெருப்பு மூட்டினாலும் சொன்னேன். "பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவங்கதான் எங்க வீட்டம்மா, ஓங்கி ஒரு மிதி." எல்லோரும் சிரிப்பார்கள். நீ மட்டும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போதும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனால் நீ அந்த எண்களை எழுதியதும், அந்தப் பாரத்தோடு நீ நெடுஞ்சாலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வராவிட்டாலும் பரவாயில்லை. பெட்டியைக் காலி செய்யாமல் மட்டும் டிரெய்லரைக் கொக்கியில் பூட்டாதே.

எல்டன்


ட்வின் ஃபால்ஸ்
பிப்ரவரி 16

எல்டன்,

நீ அனுப்பிய சாவி அந்தப் பூட்டுக்குச் சேராது.

அந்தப் பூட்டை நான் வாங்கினேன். உன்னுடையதை மோனிடாவில் மீட்பு வண்டிக்காரர் வெட்டிவிட்டார். உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அவர் டிரெய்லரைத் தூக்கப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "ஏம்மா, பின்னாடி என்ன, கல்லா ஏத்தி வச்சிருக்கீங்க?" நான் இல்லையென்றேன். அவர் திறந்து காட்டினார்.

நீயே சொல்வாய் என்று ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. ரிப்பேர் ஆகி வந்ததும் கல்லை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கி, அதே மாதிரிப் பூட்டு வாங்கிப் போட்டேன். என்றைக்காவது திறக்க வந்தால் சாவி சேராமல் நிற்பாய், அப்போது பேசுவோம் என்று. நீ திறக்க வரவேயில்லை. மூன்றாவது முறை நெருப்படியில் அந்தக் கதையை நீ சொன்ன மறுநாள்தான் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். நான் வண்டிக்குப் பயந்து கிளம்பிவிட்டதாக நீ எல்லோரிடமும் சொன்னாயாம்.

கல் உன்னுடையது, பிரேக் என்னுடையது. இரண்டும் எனக்குத் தெரியும். நீ ஒன்றை மட்டும் சொன்னாய். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வேறு கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தால் வண்டி நின்றிருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேருந்துச் சாவியை அதனால்தான் கொடுத்தேன். உன் மேல் எனக்கு இருந்த கோபம் அதுதான், கல் இல்லை.

நானும் நேராகக் கேட்டிருக்கலாம். வீம்பு. இரண்டு வருடம் வீணாகப் போயிற்று. அதில் என் பங்கும் உண்டு.

எங்கே அந்தக் கதையைச் சொன்னாயோ அங்கே இதையும் சொல். பர்ட் கிளம்புவதற்குள் சொல். அதன் பிறகு நான் வருவதா வேண்டாமா என்று பார்க்கிறேன்.

ரோவீனா


குவார்ட்சைட்
பிப்ரவரி 21

ரோவீனா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

பதினாலு பேர் இருந்தார்கள். பர்ட்டே, "மிதி கதையச் சொல்லுப்பா, புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க" என்றான். சொன்னேன். கல்லிலிருந்து ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பர்ட் மட்டும் நெருப்பைக் கிளறிக்கொண்டே, "வால்ல கல்லக் கட்டி விட்டுட்டு, ஓட்டுனவளக் குத்தம் சொன்னியா? ரெண்டு வருசமா எங்களையும் சேர்த்துல்ல சிரிக்க வச்சே" என்றான். பிறகு என்னோடு பேசவில்லை. காலையில் மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

நீ அதைத் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்பதுதான் என்னைத் தின்கிறது. மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எல்டன்


ஈலி, நெவாடா
பிப்ரவரி 27

அன்புள்ள எல்டன்,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடலாம். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும், நீ கதையை மாற்றாமல் இருக்க.

பர்ட் எனக்குத் தனியாக எழுதியிருந்தான். நீ சொன்னது ஒரு வார்த்தை குறையாமல் உண்மை என்று.

கற்கள் கோராவின் ரோஜாப் பாத்தியைச் சுற்றி நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. அதை நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ ஒளித்திருக்க மாட்டாய். பெட்டி காலியான பிறகு டிரெய்லர் 4020, மூக்கு 500. நூற்றுக்குப் பன்னிரண்டு.

இன்று ஈலிக்கு வடக்கே, நீண்ட இறக்கத்தில், ஒரு பெரிய லாரி கடந்தது. பக்கக் காற்றும் சேர்ந்துகொண்டது. வால் ஒரு தடவை ஆடியது. காலை எடுத்தேன். பிரேக்குக்குப் போகவில்லை. கைவிசையை அழுத்தினேன், மெதுவாக, நீ எழுதிய மாதிரியே. நேராகிவிட்டது. அடுத்த ஒதுக்குப்புறத்தில் நிறுத்திக் கொஞ்சம் அழுதேன். பிறகு சாண்ட்விச் சாப்பிட்டேன். உள்ளங்கையைப் பார்த்தேன், வேர்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் பேருந்துச் சாவியைத் திரும்பக் கேட்கப் போகிறேன். கொடுப்பார்களா தெரியவில்லை. கேட்பேன்.

இன்னொரு கணக்கு. ஏப்ரல் கடைசியில் அங்கே வெயில் ஏறிவிடும், முகாமை மூடிவிடுவார்கள், வடக்கே திரும்ப வேண்டும். கதவுச் சீட்டில் 1280. அதில் மூக்கு, கொக்கிச் சாமான், நான், பின்தொட்டியில் இருப்பது எல்லாம் போக நூற்றெழுபதுதான் மிஞ்சியது. என் தையல் இயந்திரத்தையும் ஒரு கட்டு விறகையும் கோராவிடமே விட்டுவிட்டு வந்தேன். இப்போது இருநூற்றுப் பதினான்கு மிஞ்சுகிறது.

கடைசியாக டாக்டரிடம் போனபோது உன் எடை அதுதான். கூடியிருந்தால் இப்போதிருந்தே குறைத்துக்கொள், பக்கத்து இருக்கையில் அவ்வளவுதான் இடம் இருக்கிறது. ஓட்டுவது நான்.

உன்,
ரோவீனா