கடைசி வரிசையில் எடித்

பெல்ஃபாஸ்ட்,
4 மார்ச் 2008

அன்புள்ள எடித்,

முதலில் நல்ல சேதி. பெரியவன் மகள் ஷெவான் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். அவள் தம்பி ஓயின் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினான். சின்னவள் கிளோனா பியானோ பரீட்சையில் முதல் வகுப்பு. வீட்டில் பியானோவே இல்லை, பள்ளிக்கூடத்துப் பியானோவில் வாசித்தே! என் பேரப் பிள்ளைகளைப் பற்றி நான் பீற்றாமல் வேறு யார் பீற்றுவது?

இப்போது என் வழக்கு. எங்கள் பக்கத்துக் கிழடுகளுக்குக் கால் வைத்தியம், கண் வைத்தியம் எல்லாம், கத்தோலிக்கர் எங்களையும் புராட்டஸ்டன்ட் உங்களையும் பிரிக்கக் கட்டிய சுவருக்கு அந்தப் புறம், உங்கள் பக்கத்து மருத்துவ நிலையத்தில்தான். சுவரின் இரும்புக் கதவையோ மாலை ஐந்துக்கே பூட்டிவிடுகிறார்கள். சண்டை ஓய்ந்து பத்து வருடமாகிறது, கதவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போல. போன வாரம் டெவ்லின் அம்மாள் வைத்தியரிடம் தாமதமாகி, கதவு பூட்டிக்கிடக்க, சுற்றுவழியில் மழையில் நடந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள்.

எட்டு மணி வரை திறந்து வையுங்கள் என்று கதவுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் கேட்கப் போகிறேன். பதின்மூன்றாம் தேதி, மாலை நாலு மணிக்கு, உங்கள் சர்ச் ஹாலில் கூட்டம். உங்கள் பக்கத்து ஆள் ஒருவராவது எழுந்து சொன்னால்தான் அதிகாரி நம்புவார். நீ சொல்வாயா?

மில்லில் உனக்கு அடுத்த தறியில் நின்றவள்,
ரோசலீன்

8 மார்ச்

அன்புள்ள ரோசலீன்,

பிள்ளைகளுக்கு என் ஆசி. கூட்டத்துக்கு வருவேன், பேச மாட்டேன். வில்லியமிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கதவு இருக்கிறதாலதான் நீ ராத்திரி தூங்குற, அம்மா. அப்பாவைக் கொன்னவங்க எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாங்கன்னு மறந்துட்டியா?" என்றான். மறக்கவில்லை. உன் தம்பியைக் கொன்றவர்கள் எங்கள் பக்கத்திலிருந்து போனதையும் மறக்கவில்லை. ஆனால் நான் இந்தத் தெருவில் குடியிருக்க வேண்டுமே. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

எடித்

15 மார்ச்

அடி எடித்,

கோபமா? நேற்று முழுக்கத் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் நின்றதும் என் காது காலை வாரிவிட்டது. அதிகாரி ஏதோ கேட்டார், மைக் கரகரத்தது, ஒன்றும் விளங்கவில்லை. "கேள்வியே காதுல விழல, இவங்களுக்குக் கதவு வேற திறக்கணுமாம்!" என்று முன்வரிசை சிரித்ததாம், பிறகு சொன்னார்கள். உட்கார்ந்துவிடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவே குரலே இல்லாமல் பேசுவோமே, வாயை அகலத் திறந்து, அப்படி உன் உதடு அசைந்தது. 'கலகம் வந்தா யார் பொறுப்புன்னு கேக்கறார்.'

"கலகம் பண்ற வயசா ஐயா எங்களுக்கு? படி ஏறவே ரெண்டு பேர் பிடிக்கணும்!" என்றேன். ஹால் சிரித்தது. அடுத்த கேள்வியும், அதற்கடுத்ததும் உன் உதட்டில்தான் வந்தன. கடைசியில் அதிகாரிக்கே பொறுக்கவில்லை.

"யாரைப் பார்த்தும்மா பதில் சொல்றீங்க?"

தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின. நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

"எடித் மாவினி. இந்தத் தெருதான், இந்தப் பக்கம்தான். அவளுக்குக் காது கேக்காது, எனக்கு முட்டி மடங்காது. கதவைத் திறந்து வெச்சா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளு."

அதிகாரி அங்கேயே ஒப்புக்கொண்டார்: திங்கள் முதல் எட்டு மணி வரை.

அன்றைக்கு நாம் பேசி முடிப்பதற்குள் கதவைப் பூட்டிவிட்டார்கள், பார். உன் வில்லியம்தான் காரில் சுற்றிவந்து என்னை வீட்டில் விட்டான். இறங்கும்போது, "படி ஈரமா இருக்கு, பாத்து" என்று கையை நீட்டினான். எங்கள் தெருவில் அவன் கார் நின்றது அதுதான் முதல் தடவை. பெற்றவள் நீ, பெருமை எனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

பத்திரிகையில் உன் படம் வந்திருக்கிறது, கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டு. என்னிடம் இருப்பதோ மில் வாசலில் தலைத்துணியோடு எடுத்த பழசு. கணப்புக்கு மேலே ஷெவான் படத்துக்கும் ஓயின் படத்துக்கும் நடுவில் உனக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். வில்லியமை எடுக்கச் சொல். கதவுதான் திறந்திருக்கிறதே என்று கையில் கொண்டுவராதே. பேச்சுச் சுவாரசியத்தில் பையிலேயே வைத்துத் திரும்பிப் போய்விடுவாய். புதுப் போட்டோவாக ஒன்று தபாலில் போடு.

ரோசலீன்